சுவரில் ஏறிய தோராக்கா

மோன்தெல்மோவில் தோராவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் குரலைப் பற்றித்தான் சொல்வார்கள். எங்கள் மடம் மேட்டில் இருக்கிறது. அவளுடைய மதுக்கடை கீழே, சியேனாவிலிருந்து வரும் சாலை ஊருக்குள் நுழைகிற வாசலை ஒட்டி. நடுவில் தோல் பதனிடுபவர்கள் தெரு, பொதுக்கிணறு, வண்ணான் கல், ஒரு கிழட்டு அத்திமரம். இத்தனையையும் தாண்டி, நாங்கள் காலைச் செபத்தில் முழங்காலிட்டிருக்கும்போது, "அந்தக் கழுதையை என் வாசல்லேர்ந்து ஓட்டுறியா, இல்ல உன்னையும் சேத்து ஓட்டவா?" என்பது தெளிவாகக் கேட்கும். புதிதாக மடத்தில் சேர்ந்தவர்கள் திடுக்கிட்டுக் கண் திறப்பார்கள். மற்றவர்கள் திறப்பதில்லை.

நான் அந்த மடத்தில் தர்க்கமும் அறநூலும் சொல்லிக்கொடுக்கிறேன். நற்பண்பு என்றால் என்ன, அது எங்கே தொடங்கி எங்கே கெடுகிறது என்று பகுத்துக் காட்டுவது என் வேலை. அப்படிப் பகுத்துப் பார்த்தால் தோராவிடம் புகழ அதிகம் இல்லை. உப்பு ஏற்றிவரும் கோவேறு கழுதைக்காரன் ஒருவனுக்குப் பிறந்தவள். பேச்சு கழுதைகளோடு பழகிய பேச்சு. பீப்பாய் செய்கிற மேயோ என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் சாது, பேச அவனுக்கு வாய்ப்பும் கிடைத்ததில்லை, தேவையும் ஏற்பட்டதில்லை. பீப்பாய் அவனுடையது, உள்ளே இருப்பது அவளுடையது என்று இருவரும் நல்லபடியாகவே வாழ்ந்தார்கள். ஒரு கோடையில் காய்ச்சலில் மேயோ போனபின், பிள்ளை குட்டி இல்லாத தோரா கடையைத் தனியாக நடத்தினாள்.

அவளுக்கு எதிலும் அளவு கிடையாது. சுங்கக்காரனை அகப்பையால் அடித்திருக்கிறாள். பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் அவள் அழுகிற சத்தத்தில் பிரசங்கியார் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஒருமுறை ரோமாபுரிக்குப் போகும் யாத்திரிகன் ஒருவன் பசிக்கிறது என்றதும் முழு ஆட்டுப் பாலாடைக்கட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். அவன் தவறுதலாகக் கடைக் குவளையையும் எடுத்துக்கொண்டு போய்விட, பாலம் வரை துரத்திக்கொண்டு ஓடினாள். கொடுத்த வேகமும் துரத்திய வேகமும் ஒன்றுதான்.

ஒரே ஒரு காரியத்தில் மட்டும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். பீப்பாயிலிருந்து பெரிய குடத்தில் பிடித்த மதுவை, மண்டி பின்தங்கட்டும் என்று, சிறிய குடத்துக்கு மாற்றுவாள். பெரிய குடம் தோளுக்கு மேல் இருக்கும், சிறியது இடுப்பருகே. நூல் போல ஒரு கோடு இறங்கும். ஒரு துளி சிந்தாது. அந்த நேரத்தில் கண்கள் பாதி தாழ்ந்திருக்கும், வாய் மூடியிருக்கும். ஊரில் அவள் வாய் மூடியிருக்கும் நேரம் அது ஒன்றுதான் என்பதால் பலர் அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு குவளை கேட்பார்கள்.

இனி சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் இரண்டு சுவர்கள் உண்டு. ஒன்று ஊர் மன்றத்தின் வெளிச்சுவர். ஏமாற்றியவர்களையும் காட்டிக்கொடுத்தவர்களையும் ஊரார் அங்கே வரையவைப்பார்கள். சித்திரத்தில் அவர்கள் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவார்கள். எதைக்கொண்டு குற்றம் செய்தார்களோ அது கையில் இருக்கும். மாவு ஆலைக்காரன் பூச்சோ கையில் தராசு. கூட்டாளியின் கம்பளியோடு ஓடிப்போன இரண்டு பேர் கழுத்திலும் பணப்பை. அடியில் பெயர். எழுத்துத் தெரியாதவர்களும் படித்துவிடுகிற தீர்ப்பு அது. அடித்த மழையில் மற்ற சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்தும் பூச்சோவின் தராசு மட்டும் பளிச்சென்று இருந்தது. வரைந்த ஆள் அப்படி. சியேனாவிலிருந்து வந்த நல்தோ மேஸ்திரி.

இன்னொன்று திருச்சிலுவைச் சபையாரின் சிற்றாலயத்துச் சுவர். அது வெறுமையாக இருந்தது. சபைத் தலைவர் கம்பளி வியாபாரி ரனியேரி. அவர் மாதாவுக்குக் கீழே ஏழு புண்ணியங்களையும் ஏழு பெண்களாக வரையவேண்டும் என்று அதே நல்தோவை அழைத்தார். யார் கையில் எது இருக்கவேண்டும் என்று சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

நல்தோ குள்ளமான, மூக்கில் எப்போதும் சுண்ணாம்பு ஒட்டிய மனிதர். நான் சொன்னவற்றில் விசுவாசத்தின் சிலுவையையும் கிண்ணத்தையும், நம்பிக்கையின் சிறகுகளையும், அன்பின் கையிலுள்ள தீச்சுடரையும் பேசாமல் ஏற்றுக்கொண்டார். விவேகத்தில் நின்றுவிட்டார்.

"சாமி, விவேகத்துக்கு ரெண்டு மூஞ்சின்னு சொல்றீங்க. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

"வந்ததையும் பாக்கணும், வரப்போறதையும் பாக்கணும் இல்லையா மேஸ்திரி."

"என் மாமியாரும் அப்படித்தான். ஒருத்தரும் அதைப் புண்ணியம்னு சொன்னதில்ல." தூரிகையைக் காதில் செருகிக்கொண்டார். "சரி, நிதானத்துக்கு என்ன? சில ஊர்ல வாயில கடிவாளம் போட்டு வரையச் சொல்றாங்க. சில ஊர்ல ரெண்டு குடம். மதுவுல தண்ணி கலக்குற மாதிரி."

எனக்குக் கடிவாளம் பிடிக்கவில்லை. கடிவாளம் குதிரையை நிறுத்தும். அதற்கு எதையும் கற்றுத்தராது. குடங்களையே சொன்னேன். சூடானதோடு குளிர்ந்தது, வலுவானதோடு மென்மையானது, இரண்டும் கெடாமல் சேர்வதுதான் நிதானம் என்று விளக்கினேன். அவர் கொட்டாவி விட்டார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

நல்தோ சாப்பிடுவதும் படுப்பதும் தோரா கடையில். அங்கே அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது.

நிதானத்தை அவர் ஒரே பகலில் வரைந்து முடித்தார். அப்படித்தான் முடிக்க வேண்டும். பூசிய சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் உள்ளே போகவேண்டும், காய்ந்தபின் மாற்றமுடியாது, கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசவேண்டியதுதான். மறுநாள் காலை, சுவரை மறைத்திருந்த நாணல் தட்டியை விலக்கியபோது முதலில் நின்றவன் செருப்புத் தைக்கிற பிந்தோ. சபையின் மெழுகுவர்த்திகளை எண்ணிவைக்க வந்தவன். அண்ணாந்து பார்த்தான். கையிலிருந்த மெழுகுவர்த்திகளைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினான்.

"ஐயோ, தோராக்காவைச் சுவத்துல ஏத்திட்டாங்கடா! கையும் குடமுமா!"

நான் போனபோது ஆலயம் நிறைந்திருந்தது. சுவரில் நீல அங்கி அணிந்து நின்றவள் தோராதான். பாதி தாழ்ந்த கண்கள், மூடிய வாய், தோளுக்கு மேல் ஒரு குடம், இடுப்பருகே ஒரு குடம், நடுவில் நூல் போல நீர். சாந்தமான முகம். எனக்குத் தெரிந்த சித்திரங்களில் அந்தப் புண்ணியத்துக்கு அதைவிடப் பொருந்திய முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ஊர் பார்த்தது வேறு. பூச்சோவை மன்றத்துச் சுவரில் வரைந்ததும் இதே மேஸ்திரியின் கைதான். இந்த ஊரில் சுவரில் ஏறியவன் கையில் எது இருக்கிறதோ அதுதான் அவன் குற்றம். தோரா கையில் என்ன இருக்கிறது? மதுவில் தண்ணீர் கலந்துகொண்டிருக்கிறாள்.

வீட்டில் எல்லாரும் தண்ணீர் கலந்துதான் குடிக்கிறோம். கடைக்காரி கலந்தால்தான் குற்றம். அந்தக் குற்றத்துக்கு எங்கள் ஊரில் மன்னிப்பே கிடையாது.

"தலைகீழா இல்லையே?" என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார்.

"பொம்பளைன்னு விட்டிருப்பாங்க. பாவாடை இருக்குல்ல," என்றான் பிந்தோ. அதோடு சந்தேகம் தீர்ந்துவிட்டது.

அன்று தோரா கடைக்கு வந்தவர்கள் குடிக்க வரவில்லை, கேட்க வந்தார்கள். "தோராக்கா, தண்ணி எந்தக் கிணத்துது? பொதுக்கிணறா, மடத்துக் கிணறா?" "அக்கா, என் குவளையில மீன் நீந்துது." அவள் ஒருவனைத் துடைப்பத்தால் அடித்தாள், ஒருவன் மேல் பருப்புக் கூழைக் கொட்டினாள். கத்தக் கத்த நம்பினார்கள். குற்றம் இல்லாதவள் ஏன் இவ்வளவு கத்துகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். நேற்றுவரை அவள் ஒரு காரணமும் இல்லாமல் இதே அளவு கத்தியதை மறந்துபோனார்கள். வாரக் கடைசியில் கடையில் நல்தோவைத் தவிர ஆளில்லை; காசு தருகிற ஒரே ஆள் என்று அவரை மட்டும் அதுவரை விட்டுவைத்திருந்தாள்.

அதன்பின் ரனியேரி தாமே வந்து சொன்னார். திருச்சிலுவைத் திருநாளில் பவனி முடிந்ததும் சபையார் முற்றத்தில் ஊரே கூடிக் குடிக்கும். ஆண்டுதோறும் அந்த மது தோரா கடையிலிருந்துதான் போகும். இந்த ஆண்டு மேல்வாசலில் மதுக்கடை வைத்திருக்கும் கெத்சோவிடம் வாங்கப்போவதாகச் சொன்னார்.

"நான் நம்புறேன்னு நினைச்சுடாத தோரா. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பவனியில சிலுவையைத் தூக்கிட்டு வந்து உன் சரக்கைக் குடிச்சா ஜனங்க சிரிப்பாங்க."

"சபையே வாங்கலைன்னா அப்புறம் யாருங்கய்யா வாங்குவாங்க?"

ரனியேரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். அவர் வாங்காவிட்டால் அதுவே தீர்ப்பு. எங்கள் பக்கம் மது விற்கிறவர்கள் வாசலில் ஒரு பச்சைக் கொப்பைத் தொங்கவிடுவார்கள். தோரா அதை இறக்கி அடுப்பில் வைக்கவேண்டியதுதான். அவளுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்தாலும் அந்தக் குரலுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

அவள் நேராக ஆலயத்துக்கு வந்தாள். கையில் மேயோ பீப்பாய்ப் பலகை செதுக்கிய வாய்ச்சி. நானும் நல்தோவும் துணிவு என்னும் புண்ணியத்துக்குத் தூண் போதுமா, சிங்கத்தோலும் வேண்டுமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அவளைப் பார்த்ததும் நல்தோ சாரத்தில் இரண்டு படி மேலே ஏறினார்.

"இறங்குடா கீழே!"

"இங்கேருந்தே பேசலாம் தோராக்கா. காத்து நல்லா வருது."

"என் வீட்டுல தின்னுட்டு, என் வீட்டுல தூங்கிட்டு, என்னையே கள்ளின்னு எழுதி வச்சிருக்க! என்ன குறை வச்சேன் உனக்கு? ஆட்டுக்குடல் வேகலையா?"

"அக்கா, அது நீங்க இல்ல. அது நிதானம்."

"எது?"

"நிதானம். புண்ணியம் ஏழுல ஒண்ணு. சாமியைக் கேளுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வாய்ச்சி மெதுவாகக் கீழே இறங்கியது. பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. கல் தளத்தில் மோதி மாதாவின் கிரீடம் வரை போய்த் திரும்பியது.

"நானா? நிதானமா? எங்கப்பன் காதுல விழுந்திருந்தா கழுதையோட சேந்து சிரிச்சிருப்பான்! ஏன் மேஸ்திரி, ஊர்ல வேற மூஞ்சியே கிடைக்கலையா?"

"கைக்குத்தான் உங்களைப் பாத்தேன்," என்றார் நல்தோ, ஒரு படி இறங்கி. "அப்படி ஊத்துற கை சியேனாவுலயும் கிடையாது. கையை வரைஞ்சேன். மூஞ்சி அதுவா வந்து உக்காந்துருச்சு. கொத்தி எடுத்துடவா? பூசி வேற மூஞ்சி வைக்கிறேன்."

தோரா அண்ணாந்து அந்த முகத்தையே பார்த்தாள். "எடுத்தா, காசு குடுத்து அழிக்கச் சொன்னான்னு பேசுவாங்க."

"அடியில 'நிதானம்'னு எழுதிடலாமே," என்றேன் நான்.

"சாமி, மன்றத்துச் சுவத்துலயும் அடியில எழுதித்தான் இருக்கு."

அவள் சொன்னது சரிதான். அங்கே தராசு களவின் அடையாளம். இங்கே, அடுத்த வாரம் நல்தோ வரையப்போகிற நீதியின் கையில், அதே தராசு நேர்மையின் அடையாளம். ஒரே பொருள், ஒரே ஓவியன், ஒரே செம்மண் சாயம். எது எதைச் சொல்கிறது என்பதைப் பார்க்கிறவன் எங்கிருந்து தெரிந்துகொள்வான்? ஒரு பொருள் தானாக எதையும் குறிப்பதில்லை. அதைப் பிடித்திருப்பவரைப் பற்றி நாம் ஏற்கெனவே என்ன நினைக்கிறோமோ அதையே குறிக்கிறது. இதை நான் ஞாயிற்றுக்கிழமை மக்களுக்கு விளக்குவதாகத் தோராவிடம் சொன்னேன்.

விளக்கினேன். கூடியவரை எளிதாக, நீளமாக. நிதானம் என்பது இரண்டு கோடிகளுக்கு நடுவே நிற்பது. மதுவில் தண்ணீரைச் சேர்க்கிற குடங்கள் பாவத்தின் அடையாளமல்ல, மனத்தின் ஒழுங்குக்கு அடையாளம். சிலர் தூங்கினார்கள். விழித்திருந்தவர்கள் வெளியே போய்ப் பேசிக்கொண்டதை வாசலிலேயே கேட்டேன்.

"சாமியே ஒத்துக்கிட்டாரு பாத்தியா. தோராக்கா தண்ணி கலக்குறது நெசம்தானாம்."

"கலந்தா புண்ணியம்னுல்ல சொன்னாரு."

"மடத்துக்குப் பாதி விலைக்குச் சரக்கு போகுது. பின்ன வேற என்னத்தைச் சொல்லுவாரு?"

தோரா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லாத்தான் பேசினீங்க சாமி. எனக்கே தூக்கம் வந்துச்சுன்னா பாத்துக்குங்க," என்றாள்.

திருநாளுக்கு முந்தைய நாட்களில் ஒருநாள் அவள் மறுபடி ஆலயத்துக்கு வந்தாள். இந்தமுறை கையில் ஒன்றும் இல்லை. சுவரின் முன் இடுப்பில் கைவைத்து நின்றாள். நல்தோ பக்கத்தில் நீதியின் காலணிக்குச் செம்மண் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, இவ யாருக்கு ஊத்துறா?"

"யாருக்கும் இல்ல. ஒரு குடத்துலேர்ந்து இன்னொரு குடத்துக்கு."

"அப்ப குடிக்கிறவன் எங்க?"

நல்தோ என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். குடிக்கிறவனை யாரும் எங்கேயும் வரைந்ததில்லை. அதைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை.

"குடிக்கிறவன் இல்லாம எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு இவளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். அன்று முழுவதும் கீழ்வாசல் பக்கமிருந்து சத்தமே வரவில்லை. மடத்தில் எல்லாரும் கொஞ்சம் கலங்கிப்போனோம்.

திருநாளன்று வெயில் இதமாக இருந்தது. பவனி கோட்டை வாசல் வரை போய்த் திரும்பியது. சபையார் வெள்ளை அங்கியில், சிலுவை முன்னால், மெழுகு ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும் கவலையில் எல்லார் முகமும் பக்தியாக இருந்தது. முற்றத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். பொரித்த பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் மணந்தன. நடுவில் கெத்சோவின் பீப்பாய், இலைமாலை சூட்டி.

அப்போது தோரா வந்தாள். யாரும் அழைக்கவில்லை. அப்பன் தொழிலையே செய்துவந்த அண்ணனுடைய கோவேறு கழுதையின் மேல் ஒரு பக்கம் பீப்பாய், மறுபக்கம் வைக்கோலில் பொதிந்த குடங்கள். முற்றத்துக் கிணற்றடியில் இறக்கினாள். பீப்பாயை எல்லார் கண்ணெதிரிலும் திறந்தாள். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு குடங்களை வைத்தாள். ஒன்றில் அப்போதே பிடித்த மது. இன்னொன்றில் அப்போதே இறைத்த தண்ணீர்.

"இன்னைக்குக் காசு வேண்டாம். நான் ஊத்தவும் மாட்டேன்," என்றாள். இரண்டு கைகளையும் மேலாடைக்குள் செருகிக்கொண்டாள். "சுவத்துல இருக்கிற பொம்பளை செய்யிறதை இன்னைக்கு நீங்களே செய்யுங்க. எவ்வளவு தண்ணி வேணுமோ அவங்கவங்க ஊத்திக்குங்க."

ரனியேரி எழுந்தார், ஆனால் அதற்குள் பிந்தோ எழுந்துவிட்டான்.

"தண்ணிக் குடம் எதுக்குத் தோராக்கா? உங்க சரக்குலதான் ஏற்கெனவே இருக்கே!"

முற்றம் சிரித்தது. தோரா வாய் திறக்கவில்லை. பிந்தோ தண்ணீர்க் குடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, குவளை நிறைய வெறும் மதுவை ஊற்றி ஒரே மூச்சில் குடித்தான். "தண்ணிதான்!" என்று அறிவித்தான். கைதட்டினார்கள். இன்னொன்று குடித்தான். "கிணத்துத் தண்ணி!" இன்னொன்று. "மடத்துக் கிணறு!"

அடுத்த குவளைக்குள் அவன் குரல் மாறிவிட்டது. எதிரே நின்ற ரனியேரியை உற்றுப் பார்த்தான். கண்கள் நிறைந்தன. மண்டியிட்டு அவருடைய வலது காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, என்ன காலுய்யா இது! இத்தனை வருஷமா செருப்புத் தைக்கிறேன், இப்படியொரு பாதத்தை நான் பாத்ததே இல்ல! இந்த வளைவு… இந்தக் கட்டைவிரல்…"

"விடுடா! பிந்தோ, விடு!"

"விடமாட்டேன். அளவெடுக்காம விடமாட்டேன்!"

சபைத் தலைவர் அங்கியோடு ஒற்றைக் காலில் முற்றத்தைச் சுற்றிக் குதித்தார். பிந்தோ மற்றொரு காலைத் தழுவியபடி பின்னாலேயே முழங்காலில் போனான். அவன் மனைவி ஓடிவந்து அவனை இழுத்தாள், அவன் அவளிடம், "பாருடி, நீயே பாரு!" என்று காலை நீட்டிக் காட்டினான். கொல்லன் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். கெத்சோகூடச் சிரித்தான், அவன் பீப்பாயை ஒருவரும் இன்னும் தொடவில்லை.

"தண்ணியாம்ல!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். பிறகு எல்லாரும் தங்கள் முன்னாலிருந்த குடங்களைப் பார்த்தார்கள்.

அதன்பின் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. கொல்லன் குவளை நிறைய மது ஊற்றி, அதன்மேல் பயபக்தியோடு சில துளி தண்ணீர் விட்டான். நெசவுக்காரி ஒருத்தி குவளை நிறையத் தண்ணீர் ஊற்றி, அதைச் சிவப்பாக்குகிற அளவு மட்டும் மது சேர்த்தாள். பல் போன ஒருவர் ஊற்றினார், சுவைத்தார், இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார், மறுபடி சுவைத்தார், தலையாட்டினார். நானும் சரிபாதியாக ஊற்றிக்கொண்டேன். அது எனக்கு வலுவாக இருக்கவே இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தேன். நடுநிலை என்பதை இத்தனை ஆண்டுகளாகப் பலகையில் கோடு போட்டு, இங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தேன். அது ஒவ்வொரு குவளையிலும் வேறு இடத்தில் இருந்தது. அதில் எதுவும் தவறான இடமும் இல்லை.

நல்தோ என் விலாவில் இடித்தார். "சாமி, மூஞ்சிங்களைப் பாருங்க."

பார்த்தேன். ஊற்றுகிறபோது எவரும் பேசவில்லை. சிந்தாமல் ஊற்றவேண்டுமே. ஒவ்வொரு மேசையிலும் யாரோ ஒருவர் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தார். கண்கள் பாதி தாழ்ந்து அந்த மெல்லிய கோட்டின் மேல் இருந்தன, வாய் மூடியிருந்தது. கொல்லனுக்கும் அந்த முகம், நெசவுக்காரிக்கும் அந்த முகம், கெத்சோவுக்கும் அதே முகம். சுவரில் இருந்தவள் முற்றமெங்கும் உட்கார்ந்திருந்தாள். குடத்தைக் கீழே வைத்ததும் அந்த முகம் போய் அவரவர் முகம் வந்துவிட்டது. அது நிலைத்திருந்ததாக நான் சொல்லவில்லை. இருந்தது, நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

பிந்தோவை அவன் மனைவி அத்திமரத்தடியில் படுக்கவைத்துவிட்டு வந்தாள். தோராவின் பீப்பாய் தட்டினால் ஓசை கேட்கிற அளவுக்கு வந்திருந்தது. ரனியேரி இரண்டு கால்களிலும் நின்று, அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, அவளிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்.

"கேக்கலைங்கய்யா," என்றாள் தோரா. அன்று காலையிலிருந்து அவள் உயர்த்தாத குரல் இப்போது லேசாக உயர்ந்தது.

"சபைக்கு இன்னொரு பீப்பாய்னு சொன்னேன்."

"காத்து அடிக்குது, காதுல விழலை."

காற்றே இல்லை. ரனியேரி சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நல்ல மனிதர்தான். சிரிப்புக்குப் பயப்படுவது மட்டுமே அவர் குறை, அன்று அதையும் ஒற்றைக் காலில் தாண்டிவிட்டிருந்தார். மார்பு நிறைய மூச்சிழுத்து, பவனியில் மன்றாட்டு மாலை சொல்கிற அதே குரலில் கத்தினார்.

"தோரா! திருச்சிலுவைச் சபைக்கு உன் கடையிலேர்ந்து இன்னொரு பீப்பாய்! அடுத்த வருஷமும் உன் கடையிலேர்ந்துதான்!"

முற்றம் ஆரவாரித்தது. கொல்லனும் இன்னும் நாலைந்து பேரும் பீப்பாய் உருட்டக் கீழ்வாசலுக்கு ஓடினார்கள். செருகியிருந்த கைகளைத் தோரா வெளியே எடுத்தாள்; அடைத்துவைத்திருந்த குரலும் கூடவே வந்தது. பீப்பாயை எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும், எந்தக் கல்லில் இடிக்கக்கூடாது, இடித்தால் யார் எலும்பு முறியும் என்று அவர்கள் தோல் பதனிடுபவர்கள் தெருவைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கூரையிலிருந்த புறாக்கள் பறந்துபோய் உட்கார வேறு இடம் தேடின.

அன்று நல்தோவைச் சுற்றி ஒரு பெண்கள் கூட்டம். துணிவுக்கும் நீதிக்கும் இன்னும் முகம் இல்லை என்பது தெரிந்துபோயிற்று. ஆலைக்காரன் பூச்சோவின் மனைவி எல்லாருக்கும் முன்னால் நின்றாள். "மேஸ்திரி, எங்க வீட்டு ஆளு அங்க தலைகீழாத் தராசோட தொங்குறான். நான் இங்க நேரா நின்னு தராசு பிடிச்சா குடும்பத்துக்குச் சரியாப் போயிடும்ல?" நல்தோ அதை யோசிப்பதாகச் சொன்னார். அவர் யோசித்தார் என்றே நினைக்கிறேன். இன்று ஆலயத்தில் நீதியின் முகம் மாவு படிந்தது போல வெளுத்துத்தான் இருக்கிறது.

இரண்டாவது பீப்பாய் வந்து திறந்தபின் தோரா முதல் முறையாக உட்கார்ந்தாள். நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அவளுக்கு இதுவரை யாரும் ஒரு குவளை கொடுக்கவில்லை என்பது நல்தோவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு கையில் மதுக் குடம், இன்னொரு கையில் தண்ணீர்க் குடம், இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் குனிந்தார். குவளையில் மதுவை ஊற்றினார். பாதியை மேசையில் சிந்தினார்.

"எவ்வளவு தண்ணி ஊத்தட்டும் தோராக்கா?"

"ஒரு சொட்டு ஊத்திப் பாரு," என்றாள் நிதானம், "கையை ஒடிச்சிடுவேன்."

குவளையைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாள்.